சிஎஸ்எஸ் மாட்யூலிலிருந்து டைப் கோப்பைத் தானாக உருவாக்குவது: எதை நம்பலாம், எங்கே சறுக்கும்

கேள்வியின் சாரம் இது. ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ் மூன்றும் சேர்ந்த ஒரு ப்ராஜெக்ட். (சிஎஸ்எஸ் மாட்யூல் என்பது கிளாஸ் பெயர்கள் அந்தக் கோப்புக்கு மட்டும் சொந்தமாக இருக்கும் ஸ்டைல்ஷீட்; கம்போனென்ட் அதை இம்போர்ட் செய்து, பெயரைச் சொல்லி கிளாஸை எடுக்கும்.) ஸ்டைல்ஷீட்டில் ஒரு கிளாஸின் பெயரை மாற்றினார்கள். அதைப் பயன்படுத்தும் கம்போனென்ட்டில் பழைய பெயரே இருந்துவிட்டது. கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை, பில்டும் தேறியது, பக்கத்தில் ஸ்டைலை மட்டும் காணோம். ஸ்டைல்ஷீட்டைப் படித்து டைப்ஸ்கிரிப்ட் இன்டர்ஃபேஸைத் தானாக எழுதித் தரும் வழி உண்டா, இருந்தால் அதை எவ்வளவு நம்பலாம்?

வழி உண்டு, கருவிகளும் பல உண்டு. எந்தக் கருவியை எடுத்தாலும் இரண்டு விஷயங்களைச் சரிசெய்யாவிட்டால் பயனில்லை. கருவி பெயர்களை மாற்றும் விதமும், கோப்புகளைச் சேர்த்து பிரவுசருக்குக் கட்டித்தரும் உங்கள் பண்ட்லர் (வீட், வெப்பேக் போன்றது) மாற்றும் விதமும் ஒன்றாக இருக்க வேண்டும். உருவாகாமல் போன டைப் கோப்புக்குப் பதிலாக வேறொரு தளர்வான டைப் சத்தமில்லாமல் வந்து உட்காரக் கூடாது. நான் பார்த்தவரை புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடிகின்றன.

முதலில், கம்பைலர் ஏன் வாய் திறக்கவில்லை? டைப்ஸ்கிரிப்டுக்கு சிஎஸ்எஸ் படிக்கத் தெரியாது. '.மாட்யூல்.சிஎஸ்எஸ்' என்று முடியும் எந்த இம்போர்ட்டுக்கும் பொருந்தும்படி ஒரு நட்சத்திரக் குறி அறிவிப்பை எழுதிவைக்கலாம்; டைப்ஸ்கிரிப்ட் 2.0 முதல் இந்த வசதி இருக்கிறது. வீட் தரும் கிளையன்ட் டைப்களிலும் நெக்ஸ்ட்.ஜேஎஸ் தரும் டைப்களிலும் இருப்பது இதுதான். அந்த அறிவிப்பு சொல்வது ஒன்றே ஒன்று: எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரு ஸ்ட்ரிங் கிடைக்கும். நீங்கள் தலைப்பு என்று கேட்டாலும் தலைபு என்று தவறாகக் கேட்டாலும் கம்பைலருக்கு இரண்டும் சரி. ரன்டைமில் இரண்டாவது அன்டிஃபைன்ட் ஆகும். ரியாக்டில் கிளாஸ்நேம் அன்டிஃபைன்டாக இருந்தால் அந்த ஆட்ரிபியூட்டே எழுதப்படாது, கன்சோலில் எச்சரிக்கையும் வராது. பேக்டிக் ஸ்ட்ரிங்குக்குள் அதைச் செருகியிருந்தால் 'அன்டிஃபைன்ட்' என்ற சொல்லே ஒரு கிளாஸாக டாமில் போய் ஒட்டிக்கொள்ளும். பிழை எங்கே என்று தேடும்போது டெவ்டூல்ஸில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டெஸ்ட்டும் இதைப் பிடிக்காது. ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் வழக்கமாகப் போடும் ஐடென்டிட்டி-ஆப்ஜ்-ப்ராக்ஸி, கேட்ட பெயரையே திருப்பித் தரும். வைடெஸ்டும் சிஎஸ்எஸ்ஸைச் செயலாக்காத நிலையில் ஒரு ப்ராக்ஸியைத்தான் தருகிறது. இரண்டிலும் இல்லாத கிளாஸ் இருப்பது போலவே நடக்கும்.

'நோ-அன்செக்ட்-இன்டெக்ஸ்ட்-ஆக்சஸ்' ஆப்ஷனை இயக்கினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். டைப்ஸ்கிரிப்ட் 4.1இல் வந்த அந்த ஆப்ஷன் ஒவ்வொரு பெயரையும் 'ஸ்ட்ரிங் அல்லது அன்டிஃபைன்ட்' என்று மாற்றும். ஆனால் ரியாக்டின் டைப்களில் கிளாஸ்நேம் அன்டிஃபைன்டையும் ஏற்கும். எனவே எழுத்துப்பிழை அப்படியே தேறிவிடும். வேறு இடங்களில் மட்டும் தேவையில்லாத பிழைகள் முளைக்கும். இந்தச் சிக்கலுக்கு அது மருந்தல்ல.

இனி, உருவாக்கும் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஸ்டைல்ஷீட்டை போஸ்ட்சிஎஸ்எஸ் வழியாகப் பிரித்து, அந்தக் கோப்புக்கு மட்டும் சொந்தமான பெயர்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் ரீட்ஒன்லி ஸ்ட்ரிங்காக அறிவிக்கும் ஒரு '.டி.டிஎஸ்' கோப்பை எழுதுகிறது. அவ்வளவுதான். எந்தெந்தப் பெயர்கள் சேரும் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கிளாஸ்கள் மட்டுமல்ல, ஐடி செலக்டர்களும், கீஃப்ரேம்ஸ் பெயர்களும், அட்-வேல்யூ கொண்டு அறிவித்த மதிப்புகளும் வெளியே வரும். குளோபல் என்று சுற்றிய செலக்டர்கள் வராது. கம்போசஸ் மூலம் வேறு கோப்பின் கிளாஸை இழுத்தால் உங்கள் கோப்பின் கிளாஸ் பெயர் மட்டுமே கீயாகும். இழுத்த பெயர் அதன் மதிப்புக்குள் அடங்கிவிடும். 'கீஃப்ரேம்ஸ் பெயர் எப்படி டைப்பில் வந்தது' என்று குழம்ப வேண்டாம், பண்ட்லரும் அதைத் தருகிறது.

கோப்பு வந்துவிட்டால் தவறான பெயருக்கு 2339 என்ற எண்ணுள்ள பிழை வரும். பெயர் ஏறக்குறைய ஒத்திருந்தால் 'இதைச் சொல்ல வந்தீர்களா' என்ற 2551 வரும்.

அடுத்தது, கோப்பின் பெயர். பழைய வழக்கம் 'பட்டன்.மாட்யூல்.சிஎஸ்எஸ்.டி.டிஎஸ்'. இது வேலை செய்வதற்குக் காரணம், டைப்ஸ்கிரிப்ட் இம்போர்ட் பாதையின் கடைசியில் '.டி.டிஎஸ்' ஒட்டிப் பார்ப்பதுதான். கறாராகச் சொன்னால் 'பட்டன்.மாட்யூல்.சிஎஸ்எஸ்.ஜேஎஸ்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கான அறிவிப்பு அது. மாட்யூல் ரெசல்யூஷன் (இம்போர்ட் செய்த கோப்பைக் கம்பைலர் தேடும் முறை) 'பண்ட்லர்' என்று இருந்தால் இது இன்றும் ஓடும். 'நோட்16' அல்லது 'நோட்நெக்ஸ்ட்' வைத்து இஎஸ் மாட்யூலாக எழுதினால் பின்னொட்டை ஒட்டித் தேடும் பழக்கம் அங்கே இல்லை, ஆகவே ஓடாது. அதற்காகத்தான் 2023இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.0இல் 'அலவ்-ஆர்பிட்ரரி-எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற ஆப்ஷன் சேர்ந்தது. அதில் 'டி' நடுவில் வரும்: 'பட்டன்.மாட்யூல்.டி.சிஎஸ்எஸ்.டிஎஸ்'. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளலாம். கருவியிலும் அதே பெயருள்ள ஆப்ஷனை இயக்க வேண்டும், டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பான டிஎஸ்கான்ஃபிக்கிலும் இயக்க வேண்டும். கருவியில் மட்டும் இயக்கினால் கோப்பு டிஸ்க்கில் இருந்தும் கம்பைலர் அதைப் பயன்படுத்தாது.

அமைக்கும் முறையை டைப்டு-சிஎஸ்எஸ்-மாட்யூல்ஸ் என்ற கருவியை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் போக்கு இதேதான். அதை டெவ் டிபென்டென்சியாகச் சேர்க்கவும். அதன் கட்டளை 'டிசிஎம்'. அது இயல்பாகக் கோப்புறைக்குள் இருக்கும் எல்லா சிஎஸ்எஸ் கோப்பையும் எடுத்துக்கொள்ளும். ரீசெட், குளோபல் ஸ்டைல் எல்லாவற்றுக்கும் டைப் கோப்பு முளைக்காமல் இருக்க, '.மாட்யூல்.சிஎஸ்எஸ்' என்று முடிபவை மட்டும் என்று பேட்டர்ன் கொடுங்கள். வெளியீட்டை சோர்ஸ் கோப்புறைக்குள் கொட்டாமல் 'ஜெனரேட்டட்' போன்ற தனிக் கோப்புறைக்கு அனுப்புங்கள். பிறகு டிஎஸ்கான்ஃபிக்கில் 'ரூட்-டிர்ஸ்' ஆப்ஷனில் சோர்ஸ் கோப்புறையையும் ஜெனரேட்டட் கோப்புறையையும் சேர்த்துக் கொடுத்தால், கம்பைலர் இரண்டையும் ஒரே மரமாகப் பாவித்து, பக்கத்திலேயே கோப்பு இருப்பது போல இம்போர்ட்டைத் தீர்க்கும்.

இங்கே பலர் இடறுவது ஒன்று உண்டு. ரூட்-டிர்ஸ் புள்ளியில் தொடங்கும் சார்புப் பாதைகளுக்கு மட்டுமே பொருந்தும். அட் குறியும் சாய்கோடுமாகத் தொடங்கும் ஏலியஸ் (பாதைக்கான சுருக்கப்பெயர்) வைத்திருந்தால் 'பாத்ஸ்' பகுதியில் அந்த ஏலியஸுக்கு சோர்ஸ், ஜெனரேட்டட் என இரண்டு இலக்குகளையும் எழுத வேண்டும்.

தனிக் கோப்புறையை நான் வலியுறுத்தக் காரணம் துப்புரவு. ஒரு சிஎஸ்எஸ் கோப்பை அழித்தாலோ பெயர் மாற்றினாலோ அதன் பழைய டைப் கோப்பு தானாகப் போகாது. சோர்ஸுக்குள் சிதறிக் கிடந்தால் அதைத் தேடி அழிக்க வேண்டும். தனியே இருந்தால் ஒவ்வொரு முழு பில்டுக்கும் முன்னால் அந்தக் கோப்புறையை மொத்தமாக அழித்துவிட்டு உருவாக்கலாம். பட்டன் என்ற கோப்பின் முதல் எழுத்து ஓரிடத்தில் பெரியதாகவும் ஓரிடத்தில் சிறியதாகவும் இருக்கும் சிக்கலும் இதில் வெளிப்பட்டுவிடும். மேக்கிலும் விண்டோஸிலும் அது தெரியாது, லினக்ஸில் ஓடும் சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) 2307 என்ற 'மாட்யூலைக் காணோம்' பிழையாக வந்து நிற்கும்.

ஸ்கிரிப்ட்களின் வரிசை: முதலில் உருவாக்கம், அடுத்து நோ-எமிட்டுடன் (கோப்பு எதுவும் எழுதாமல்) டைப் சோதனை, கடைசியில் பில்ட். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட்டுங்கள். நேரம் மிச்சம் என்று இணையாக ஓட்டினால், டைப் சோதனை பாதி எழுதிய கோப்பைப் படிக்கும். ஒரு முறை தேறி மறு முறை விழும். டெவ் சர்வருடன் ஓடும்போது கருவியை வாட்ச் நிலையில் வைக்கலாம். புதிதாக ரெப்போவை எடுத்தவருக்கு முதலில் கோப்பே இருக்காது என்பதால், டெவ் கட்டளையின் தொடக்கத்திலும் ஒரு முறை உருவாக்கம் ஓட வேண்டும்.

முன்னே சொன்ன நட்சத்திரக் குறி அறிவிப்புக்கு மீண்டும் வருகிறேன், இந்தப் பதிலில் நான் மிக முக்கியமாகக் கருதுவது அதுதான். ஒரு சிஎஸ்எஸ் கோப்புக்குத் தனி டைப் கோப்பு இருந்தால் கம்பைலர் அதையே எடுக்கும், நட்சத்திர அறிவிப்பைத் தொடாது. தனிக் கோப்பு இல்லாவிட்டால் பிழை காட்டுவதற்குப் பதில் நட்சத்திர அறிவிப்புக்கு இறங்கிவிடும். பேட்டர்ன் ஒரு கோப்புறையைத் தவறவிட்டாலும், சாஸ் (சிஎஸ்எஸ்ஸாகக் கம்பைல் ஆகும் மொழி) பிழையால் ஒரு கோப்பு உருவாகாமல் போனாலும், எல்லாம் பச்சையாகவே தெரியும். வீட் ப்ராஜெக்டில் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது: 'வீட்/கிளையன்ட்' டைப்களை முழுதாக இழுக்காமல் அதனுள் இருக்கும் இம்போர்ட்-மெட்டா டைப்பை மட்டும் குறிப்பிட்டு, படம், எஸ்விஜி, எழுத்துரு போன்றவற்றுக்கான அறிவிப்புகளை நீங்களே ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். பத்துப் பன்னிரண்டு வரி வேலை. அதன்பின் உருவாகாத ஒவ்வொரு கோப்பும் 2307 ஆகக் கத்தும். நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் அந்த அறிவிப்பு அதுவே எழுதிக்கொள்ளும் கோப்பு வழியாக வருவதால் எளிதில் கழற்ற முடியாது. அங்கே சிஐயில், ஒவ்வொரு மாட்யூல் சிஎஸ்எஸ்ஸுக்கும் ஒரு டைப் கோப்பு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைப் போடுங்கள்.

இனி பெயர் மாற்றம். கார்டு-டைட்டில் என்று நடுவில் கோடுள்ள கிளாஸை அப்படியே எடுக்க வேண்டுமென்றால் சதுர அடைப்புக்குள் மேற்கோளிட்டு எழுத வேண்டும். அதைத் தவிர்க்கப் பலர் கோட்டை எடுத்துவிட்டு அடுத்த எழுத்தைப் பெரியதாக்கி, கேமல்கேஸ் ஆக்குவார்கள். வெப்பேக்கின் சிஎஸ்எஸ்-லோடரிலும் வீட் பண்ட்லரிலும் இதற்கு நான்கு வகை உண்டு: கேமல்கேஸ், கேமல்கேஸ்-ஒன்லி, டேஷஸ், டேஷஸ்-ஒன்லி. 'ஒன்லி' இல்லாதவை பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே தரும். 'ஒன்லி' உள்ளவை புதியதை மட்டும். கேமல்கேஸ் கோடு, அடிக்கோடு இரண்டையும் விழுங்கும். டேஷஸ் கோட்டை மட்டும். பெம் (பிளாக், எலிமென்ட், மாடிஃபையர் என்று பிரித்துப் பெயரிடும்) முறையில் பெயர் வைத்து, கார்டுக்கும் டைட்டிலுக்கும் நடுவே இரட்டை அடிக்கோடும் அதற்குப்பின் இரட்டைக் கோடும் போட்டு ஆக்டிவ் என்று முடித்திருந்தால், கேமல்கேஸில் எல்லாம் ஒட்டி ஒரே சொல்லாகும், டேஷஸில் இரட்டை அடிக்கோடு அப்படியே நிற்கும். கருவி முதல் விதமும் பண்ட்லர் இரண்டாவது விதமும் பின்பற்றினால் டைப் சரி என்கிறது, ரன்டைமில் அன்டிஃபைன்ட். டைப் இல்லாமல் இருந்ததைவிட இது மோசம், ஏனென்றால் இப்போது நீங்கள் டைப்பை நம்பத் தொடங்கிவிட்டீர்கள்.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. சாஸ் கோப்புகளுக்கான டைப்டு-எஸ்சிஎஸ்எஸ்-மாட்யூல்ஸின் இயல்பு நிலை கேமல் பெயரும் நேம்ட் எக்ஸ்போர்ட்டும் (ஒவ்வொரு கிளாஸையும் தனித்தனிப் பெயரில் வெளியிடுவது). வீட் பண்ட்லரின் இயல்பு நிலை பெயரை மாற்றாமல் விடுவது. இரண்டையும் எதையும் தொடாமல் சேர்த்து வைத்தாலே இந்தப் பிளவு வந்துவிடும். வீட் பண்ட்லரில் லோக்கல்ஸ்-கன்வென்ஷனை கேமல்கேஸ்-ஒன்லி ஆக்குங்கள், அல்லது கருவியில் நேம்-ஃபார்மட்டை 'நன்' என்று வையுங்கள். புதிய ப்ராஜெக்ட் என்றால் என் பரிந்துரை இன்னும் எளிது: கிளாஸ் பெயர்களையே கோடில்லாமல் கேமல்கேஸில் எழுதி, இரண்டு பக்கமும் மாற்றத்தை அணைத்துவிடுங்கள். மாற்றமே இல்லாத இடத்தில் முரண்படுவதற்கு ஒன்றுமில்லை.

எக்ஸ்போர்ட் வகையிலும் இதே கவனம் வேண்டும். டைப்டு-சிஎஸ்எஸ்-மாட்யூல்ஸ் இயல்பாக 'எக்ஸ்போர்ட் சமம் ஸ்டைல்ஸ்' என்ற பழைய வடிவில் எழுதும். டிஃபால்ட் இம்போர்ட் வேண்டுமானால் இஎஸ்-மாட்யூல்-இன்டராப் இயங்க வேண்டும். மறுபக்கம், 2024இல் வந்த சிஎஸ்எஸ்-லோடர் 7இல் நேம்ட் எக்ஸ்போர்ட் இயல்பு நிலையானது. அதற்கு மேம்படுத்திய ப்ராஜெக்டுகளில் டிஃபால்ட் இம்போர்ட் வெறுமையாகி, டைப் கோப்போ டிஃபால்ட் இருக்கிறது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும். லோடரில் நேம்ட்-எக்ஸ்போர்ட்டை அணைப்பது ஒரு வழி. இம்போர்ட்களை எல்லாம் நட்சத்திர இம்போர்ட்டாக மாற்றி கருவியையும் நேம்ட்டுக்கு மாற்றுவது இன்னொரு வழி. நேம்ட்டில் இன்னொரு தடையும் உண்டு: டிலீட், நியூ, டிஃபால்ட் போன்று மொழி ஒதுக்கிவைத்த சொற்கள் கிளாஸ் பெயராக இருந்தால் சாதாரண நேம்ட் எக்ஸ்போர்ட்டாக எழுத முடியாது.

சாஸ், லெஸ் கோப்புகளில் பெயரை வெறும் எழுத்தாகத் தேடி எடுக்க முடியாது, கம்பைல் செய்தே தீர வேண்டும். ஆம்பர்சேண்டுக்குப் பின் கோடு போட்டு ஒட்டும் பெயர்களும் மிக்ஸின், லூப் பெற்றெடுக்கும் பெயர்களும் கம்பைலுக்குப் பின்தான் தெரியும். அதற்குக் கருவிக்கும் பண்ட்லருக்குத் தெரிந்த எல்லாம் தெரிய வேண்டும்: லோட் பாதைகள், ஏலியஸ்கள், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் செருகும் 'அடிஷனல்-டேட்டா' வரை. இதில் ஒன்று விட்டுப்போனாலும் 'வேரியபிள் இல்லை' என்று கருவி மட்டும் விழும், பில்ட் ஓடும். மிக்ஸின் கோப்பை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கோப்புகளை வாட்ச் மீண்டும் எழுதுகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மாறிய கோப்பை மட்டும் எழுதும் கருவி என்றால் பொதுக் கோப்பைத் தொட்டபின் முழு உருவாக்கத்தை ஓட்ட வேண்டும். இடையே ஒரு குறிப்பு: பிரவுசரே இப்போது புரிந்துகொள்ளும் நேட்டிவ் நெஸ்டிங்கில் ஆம்பர்சேண்டுடன் எழுத்தை ஒட்டிப் புதுப் பெயர் உண்டாக்க முடியாது. சாஸிலிருந்து நேட்டிவுக்கு மாறும்போது அந்த கிளாஸ்கள் டைப் கோப்பிலிருந்து காணாமல் போவது சரியான நடத்தையே.

வெப்பேக்குக்குள்ளேயே லோடராக வைக்கும் சிஎஸ்எஸ்-மாட்யூல்ஸ்-டைப்ஸ்கிரிப்ட்-லோடரின் பலம், சிஎஸ்எஸ்-லோடர் தந்த முடிவையே படிப்பதால் பெயர் முரண்பாடு வராது என்பது. பட்டியலில் சிஎஸ்எஸ்-லோடருக்கு முன்னால் அதை எழுத வேண்டும், ஏனெனில் லோடர்கள் கடைசியிலிருந்து முன்னோக்கி ஓடும். அதன் பலவீனம் நேரம். வெப்பேக் ஓடிய பிறகுதான் கோப்பு பிறக்கும். தனி ப்ராசஸில் ஓடும் டைப் சோதனை அதற்கு முந்திவிடும். எழுதிய கோப்பையே மாற்றமாகக் கருதி பில்ட் மறுபடி மறுபடி ஓடும் சுழலும் வரலாம். உருவாகும் டைப் கோப்புகளை வாட்ச்-இக்னோர் ப்ளக்இன்னில் சேர்த்தால் அது நிற்கும். சிஐயில் இந்த லோடரை 'வெரிஃபை' நிலையில் வையுங்கள், கமிட் ஆன கோப்பு பழையதாக இருந்தால் பில்ட் விழும்.

எடிட்டருக்கான டைப்ஸ்கிரிப்ட்-ப்ளக்இன்-சிஎஸ்எஸ்-மாட்யூல்ஸ் கோப்பே எழுதாது. எடிட்டருக்குள் பெயர்களைக் காட்டும், பிழைக்குச் சிவப்புக் கோடு போடும். விஎஸ் கோடில் ப்ராஜெக்டின் டைப்ஸ்கிரிப்ட் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் அது ஏறும். இந்த வகை ப்ளக்இன்கள் எடிட்டர் அனுபவத்துக்கு மட்டுமே. கட்டளை வரியில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சி ஓடும்போது அவை இருப்பதே அதற்குத் தெரியாது. எடிட்டரில் சிவப்பாக இருந்த வரி சிஐயில் தேறுவது இதனால்தான். கிளாஸ் பெயரிலிருந்து நேராக சிஎஸ்எஸ் வரிக்குத் தாவ வேண்டும் என்பதற்காக இதை வைத்திருப்பவர்கள், டிக்ளரேஷன் மேப்பும் சேர்த்து எழுதும் ஹாப்பி-சிஎஸ்எஸ்-மாட்யூல்ஸைப் பார்க்கலாம். அதே தாவல் அதிலும் கிடைக்கும், டிஎஸ்சியும் பயன்பெறும்.

உருவான கோப்புகளைக் கமிட் செய்யலாமா? செயலிகளுக்கு வேண்டாம் என்பேன். கிட்-இக்னோரில் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் உருவாக்குங்கள். கமிட் செய்தே ஆக வேண்டுமென்றால் டைப்டு-சிஎஸ்எஸ்-மாட்யூல்ஸின் 'லிஸ்ட்-டிஃபரன்ட்' ஆப்ஷனைச் சிஐயில் ஓட்டுங்கள். வித்தியாசம் இருந்தால் 1 என்ற எக்ஸிட் கோடுடன் நிற்கும். அதோடு ப்ரெட்டியர், இஎஸ்லின்ட் இரண்டிலும் அந்தக் கோப்புகளை விலக்குங்கள், கிட்-ஆட்ரிபியூட்ஸில் வரிமுடிவை எல்எஃப் என்று நிலைநிறுத்துங்கள். இல்லாவிட்டால் ப்ரெட்டியர் மாற்றிய ஒரு மேற்கோள் குறியோ விண்டோஸ் சேர்த்த ஒரு வரிமுடிவோ ஒவ்வொரு புல் ரெக்வெஸ்ட்டையும் சிவப்பாக்கும்.

டைப் வந்தபின் பழைய நிரலில் முதலில் உடைவது, பெயரைக் கட்டி எடுக்கும் இடங்கள். சைஸ் என்ற ப்ராப்பை முன்னொட்டுடன் சேர்த்துச் சதுர அடைப்புக்குள் கொடுத்திருப்பீர்கள். ஸ்ட்ரிக்ட் நிலையில் 7053 பிழை வரும். ஸ்டைல்ஸை எனியாக மாற்றி வாயடைக்காதீர்கள். ப்ராப்பின் டைப்பை ஸ்ட்ரிங் என்று விடாமல் சின்னது, பெரியது என்ற யூனியனாக எழுதி, பேக்டிக் ஸ்ட்ரிங்குக்குப் பின் 'ஆஸ் கான்ஸ்ட்' சேர்த்தால், கம்பைலர் எல்லாச் சேர்க்கைகளையும் கோர்த்துப் பார்த்து, இல்லாத ஒன்று இருந்தால் சொல்லிவிடும். வேரியன்ட் பெயரும் கிளாஸ் பெயரும் ஒன்றே என்றால் 'கீஆஃப் டைப்ஆஃப் ஸ்டைல்ஸ்' போதும். ஆனால் அந்தக் கோப்பின் கீஃப்ரேம்ஸ் பெயரும் அதில் நுழையும், ஆகவே பொதுக் கம்போனென்ட்டின் ப்ராப்புக்கு யூனியனே சுத்தம்.

இந்த டைப்கள் ஒரு திசையை மட்டுமே காக்கும்: பயன்படுத்திய பெயர் இருக்கிறதா என்பதை. எழுதிவைத்து யாரும் பயன்படுத்தாத கிளாஸைக் கண்டுபிடிக்க இஎஸ்லின்ட்-ப்ளக்இன்-சிஎஸ்எஸ்-மாட்யூல்ஸில் உள்ள 'நோ-அன்யூஸ்ட்-கிளாஸ்' போன்ற விதி வேண்டும்.

கம்போனென்ட் லைப்ரரியாக வெளியிடுபவர்களுக்கு ஒன்று மீதி இருக்கிறது. டிஎஸ்சி தான் உருவாக்கும் டைப் கோப்புகளை அவுட்-டிருக்கு எழுதும்; உள்ளீடாகவே வந்த '.டி.டிஎஸ்' கோப்புகளை அங்கே நகலெடுக்காது. ஸ்டைல்ஸ் ஆப்ஜெக்டின் டைப் உங்கள் பொது ஏபிஐயில் எங்காவது தெரிந்தால், பேக்கேஜை நிறுவியவரிடம் அந்த இம்போர்ட் தீராமல் நிற்கும். பில்டின் கடைசியில் ஜெனரேட்டட் கோப்புறையை டிஸ்ட்டுக்குள் அதே அடுக்கில் நகலெடுக்கும் படியைச் சேர்த்து, என்பிஎம் பேக் செய்து கிடைக்கும் டார் கோப்பை வேறொரு காலி ப்ராஜெக்டில் நிறுவி, அங்கே ஸ்கிப்-லிப்-செக்கை அணைத்து டிஎஸ்சியை ஓட்டிப் பாருங்கள்.